கடக்வாஸ்லாவுக்கு ஒரு விண்ணப்பம்

பெங்களூரு நகரின் தென்கிழக்கில், கோரமங்களாவை ஒட்டினாற்போல் ஈஜிபுரா என்றொரு பகுதி இருக்கிறது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒரே குழாயடியில் கேட்கக்கூடிய இடம் அது. அங்கிருந்து கேந்திரீய சதன் வரை ஒரு மேம்பாலம் கட்ட 2017-ஆம் ஆண்டில் வேலை தொடங்கினார்கள். ஆண்டுக்கணக்கில் அது வெறுந் தூண்களாகவே நின்றது. அந்தத் தூண்களின் நிழலில் நடந்து நாள்தோறும் அலுவலகம் போய்வந்தவர்களில் நாமும் ஒருவர். மத்திய அரசில் நமக்கு மொழிபெயர்ப்பு உத்தியோகம். ஒருவர் எழுதியதை மற்றொருவர் படிக்கும்படி மாற்றித் தருவதே தொழிலாகிவிட்டபடியால், தெருவில் யாருக்கு என்ன விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தாலும் நம் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ரேஷன் அட்டை, முதியோர் உதவித்தொகை, பள்ளிச் சம்பளச் சலுகை என்று எத்தனையோ எழுதியாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆட்டோ ஓட்டும் அன்பர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பி.யு.சி. இரண்டாம் ஆண்டு படிக்கும் பையன். வயது 17 நிறைந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. "பட்டாளத்தில் ஆபீசர் ஆகவேண்டும் என்கிறான், சார். கம்ப்யூட்டரில் ஏதோ விண்ணப்பம் போடவேண்டுமாம். நீங்கள்தான் நல்லபடியாக எழுதித் தரவேண்டும்" என்றார். நல்லபடியாக என்ற அந்தச் சொல்லை நாம் அன்று எவ்வாறு பொருள் கொண்டோம், அதனால் விளைந்தது என்ன என்பதே இன்று நேயர்களிடம் சொல்ல வந்த விஷயம்.

பையனைப் பார்த்து, "உனக்கு இந்த ஆசை எப்படி வந்தது, தம்பி?" என்று கேட்டோம். சற்று நேரம் தந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான். ஈஜிபுராவுக்கு அதிகத் தொலைவில்லாமல் அகரம் என்னும் படைமுகாம் இருக்கிறது. ஒரு விடுமுறை நாளில் அவன் தந்தையின் ஆட்டோவில் முன்பக்கம் ஒண்டிக்கொண்டு போயிருந்தபோது, இளைஞர் ஒருவரை அந்த முகாமின் வாயிலில் இறக்கிவிட்டார்களாம். சாதாரணச் சட்டைதான் அணிந்திருந்தார். ஆனால் காவலுக்கு நின்றவர், அவன் தந்தையின் வயதுடையவர், விறைத்து நின்று அவருக்குச் சல்யூட் வைத்தார். அந்த இளைஞரும் பதிலுக்கு நிமிர்ந்து வணங்கிவிட்டு, திரும்பி வந்து, மீதிச் சில்லறையை வாங்காமல் போனதற்காக அவன் தந்தை கூப்பிட்டதும், "வைத்துக்கொள்ளுங்கள், அண்ணா" என்றாராம். "அதுதான் சார்" என்றான் பையன். நாம் சிரித்துக்கொண்டோம். இதையெல்லாம் தேர்வாளர்களிடம் சொல்லமுடியுமா என்று நினைத்தோம்.

அவன் போக விரும்பியது தேசிய பாதுகாப்பு அகாதெமி. மகாராஷ்டிர மாநிலத்தில் புணேக்கு அருகே கடக்வாஸ்லா ஏரியின் கரையில் இருக்கிறது. தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றுக்கும் அதிகாரிகளாகப் போகிறவர்கள் தொடக்கத்திலேயே ஒன்றாக உண்டு, ஒன்றாகப் படித்து வளரவேண்டும் என்னும் கருத்தில் பிறந்த நிலையம் அது. 1949 ஜனவரி 1-ஆம் தேதி டேராடூனில் முப்படைப் பிரிவாகத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 6-ஆம் தேதி ஜவஹர்லால் நேரு கடக்வாஸ்லாவில் அடிக்கல் நாட்டினார். 1954 டிசம்பரில் அகாதெமி அங்கே செயல்படத் தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போரில் சூடான் நாட்டைக் காக்கப் போரிட்டு மடிந்த இந்திய வீரர்களின் நினைவுக்காக அந்நாடு அளித்த நன்கொடையும் அதன் கட்டடத்தில் சேர்ந்திருக்கிறது. தலைமைக் கட்டடத்துக்குச் சூடான் பிளாக் என்றே பெயர். மூன்றாண்டுப் படிப்பின் முடிவில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பட்டம் கிடைக்கிறது. பிறகு தரைப்படைக்குப் போகிறவர்கள் டேராடூனுக்கும், கடற்படையினர் கேரளத்தின் எழிமலைக்கும், விமானப்படையினர் ஹைதராபாத்துக்கு அருகிலுள்ள துண்டிகலுக்கும் மேற்பயிற்சிக்குச் செல்கிறார்கள்.

இந்த நகரத்துக்கும் அந்த அகாதெமிக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. ராஷ்ட்ரீய மிலிட்டரி ஸ்கூல் என இன்று வழங்கும் பெங்களூருப் பள்ளி, முன்பு கிங் ஜார்ஜ் பெயரால் விளங்கியது. 1946-இல் அங்கே குர்பச்சன் சிங் சலாரியா என்னும் சிறுவன் சேர்ந்தான். மறு ஆண்டு ஜலந்தரிலுள்ள அதே பெயர்கொண்ட பள்ளிக்கு மாறி, அங்கிருந்து பாதுகாப்பு அகாதெமிக்குப் போய் அதிகாரியானான். 1961 டிசம்பர் 5-ஆம் தேதி, ஐக்கிய நாடுகள் சபையின் அமைதிப்படையில் காங்கோ நாட்டின் எலிசபெத்வில் நகரில் போரிட்டு, காப்டன் சலாரியா உயிர்நீத்தார், வயது 26. அவருக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. அகாதெமியில் பயின்றவர்களில் அவ்விருதைப் பெற்ற முதல்வர் அவரே. இந்த வரலாற்றை நம் பையனிடம் சொன்னபோது அவன் கேட்ட ஒரே கேள்வி, "அவர் அப்பா என்ன வேலை பார்த்தார், சார்?" என்பது. அவரும் படையில் இருந்தவர்தாம் என்றதும் அவன் முகம் தெளிந்தது.

விண்ணப்பத்துக்கு வருவோம். மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை இதற்குப் பரீட்சை வைக்கிறது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 400 இடங்கள், எழுதுகிறவர்களோ லட்சக்கணக்கானோர். வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் இடைப்பட்டதாக இருக்கவேண்டும். திருமணம் ஆகியிருக்கக் கூடாது. 12-ஆம் வகுப்பு, அதாவது கர்நாடகத்துப் பி.யு.சி. இரண்டாம் ஆண்டு, தேறியவரும் படித்துக்கொண்டிருப்பவரும் எழுதலாம். தரைப்படைக்கு எந்தப் பாடப்பிரிவும் போதும். விமானப்படைக்கும் கடற்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் படித்திருக்கவேண்டும். இதில் ஒரு சூட்சுமம். வணிகவியல் படித்த பிள்ளையும் தரைப்படைக்கு எழுதலாம் என்பது உண்மையே. ஆனால் எழுத்துத் தேர்வின் 900 மதிப்பெண்ணில் 300 கணிதத்துக்கு. அதை எல்லோருமே எழுதித் தீரவேண்டும். கணிதத்தை 10-ஆம் வகுப்போடு தலைமுழுகிவிட்ட பிள்ளையிடம் இதை முன்கூட்டியே சொல்லாமல் ஆசை காட்டுவது நியாயமன்று.

விண்ணப்பத்தில் மிகச் சிறியதாகத் தோன்றி மிகப் பெரிய தொல்லை தருவது பெயர். தமிழர்களாகிய நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரின் முதலெழுத்துதான். பையனின் 10-ஆம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் ஓரெழுத்து. ஆதார் அட்டையில் அதே இடத்தில் தந்தையின் முழுப்பெயர். பள்ளி மாற்றுச் சான்றிதழில் அந்த எழுத்து பெயருக்கு முன்னால். மூன்று தாள்களில் மூன்று பிள்ளைகள்! தேர்வாணையம் பெயரையும் பிறந்த தேதியையும் 10-ஆம் வகுப்புச் சான்றிதழை வைத்தே கணக்கில் கொள்ளும். ஆகவே அதில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் நிரப்பி, மற்றத் தாள்களைத் திருத்துவதற்கு வேறாக மனுப்போட்டோம். இத்தனை பாடுபட்டுச் சீர்செய்த பெயரை நேர்காணல் நிலையத்தில் யாரும் கூப்பிடுவதில்லை என்பது பின்னால் தெரிந்தது. அங்கே மார்பில் ஓர் எண்ணைக் கட்டிவிடுகிறார்கள். அந்த எண்தான் பெயர்.

இதுவரை நாம் செய்ததில் குற்றமில்லை. பையனும் உழைத்தான். வினாத்தாள் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் மட்டுமே இருக்கும். வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசும் பிள்ளைக்கு இரண்டுமே அயல்மொழிதான். பொது அறிவுத் தாளின் 600 மதிப்பெண்ணில் 200 ஆங்கிலத்துக்கே போகிறது. தவறான விடைக்கு அவ்வினாவின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். எனவே தெரியாததை விட்டுவிடும் துணிவும் வேண்டும். அவன் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். தெருவே மகிழ்ந்தது. நமக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில்தான் தவறு செய்தோம்.

அடுத்தது, அதிகாரித் தகுதியைச் சோதிக்கும் தேர்வு வாரியம். அதற்கும் எழுத்துத் தேர்வைப் போலவே 900 மதிப்பெண். வழக்கமாக 5 நாள், அங்கேயே தங்கவேண்டும். அவனுக்கு வாய்த்தது பெங்களூரு கப்பன் ரோட்டில் உள்ள நிலையம். வீட்டிலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். முதல் நாளே ஒரு சல்லடை. அதில் பலர் திரும்பிவிடுகிறார்கள். மிஞ்சியவர்களுக்கு மறுநாள் மனவியல் சோதனை. ஒரு சொல்லைக் காட்டி 15 விநாடிக்குள் மனத்தில் தோன்றுவதை எழுதச் சொல்வார்கள். இப்படி 60 சொற்கள். படங்களைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். கடைசிப் படம் வெற்றுத்தாள். பின்பு தன்னைப்பற்றிய குறிப்பு: பெற்றோர் உன்னைப்பற்றி என்ன நினைக்கிறார்கள், ஆசிரியர் என்ன நினைக்கிறார்கள், நண்பர்கள் என்ன நினைக்கிறார்கள், நீ உன்னைப்பற்றி என்ன நினைக்கிறாய் என்பன. அதன் பிறகு திறந்த வெளியில் பலகையும் கயிறும் பீப்பாயும் கொண்டு குழுவாகத் தடைகளைக் கடத்தல், தனியே ஓர் அதிகாரியுடன் நீண்ட உரையாடல், இறுதி நாளில் எல்லாத் தேர்வாளர்களும் கூடும் சபை.

தன்னைப்பற்றிய அந்தக் குறிப்பை நாமே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தோம். அழகான ஆங்கிலம், இப்போது நினைத்தாலும் வாக்கியங்கள் குறைசொல்ல முடியாதவை. தந்தை அவனைப் பொறுப்பின் உருவமாகக் காண்கிறார். ஆசிரியர்கள் அவனிடம் தலைமைப் பண்பைக் காண்கிறார்கள். தாய்நாட்டுக்குத் தன்னை ஒப்படைப்பதே அவன் பிறவிப் பயன். ஆட்டோவில் கண்ட சல்யூட்டுக்கு அதில் இடமில்லை. பையன் மனப்பாடம் செய்துகொண்டான். எத்தனையோ பேர் இப்படித்தான் செய்கிறார்கள். இதற்கென்றே பணம் வாங்கிக்கொண்டு எழுதித் தருகிறவர்களும் உண்டு. நாம் பணம் வாங்கவில்லை என்பதுதான் வேறுபாடு.

ஐந்தாம் நாள் பரிந்துரைக்கப்பட்டவர்களின் எண்களைப் படித்தபோது அவன் எண் அதில் இல்லை. மாலையில் பஸ்ஸில் வந்து இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே நம்மிடம் வந்தான். உரையாடலின்போது அந்த அதிகாரி அன்பாகத்தான் பேசினாராம். "உன் தந்தை உன்னைப்பற்றி என்ன நினைக்கிறார்?" என்று கேட்டார். இவன் மனப்பாடமாகச் சொன்னான். "மிக நன்று. அதை அவர் உன்னிடம் எப்போது சொன்னார்? என்ன நடந்தபோது சொன்னார்?" என்று கேட்டார். "எனக்குப் பதில் தெரியவில்லை, சார். அப்பா அப்படியெல்லாம் சொன்னதே இல்லையே" என்றான் பையன். வாரியம் யாருக்கும் காரணம் சொல்வதில்லை. ஆகையால் அந்த ஒரு பதிலால்தான் போயிற்று என்று சாதிக்க நம்மிடம் சான்று கிடையாது. ஆனால் அந்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அலுவலகத்தில் மூலத்தில் இல்லாத ஒரு சொல்லைச் சேர்த்தால் மேலதிகாரி சிவப்பு மையால் கோடிடுவார். இங்கே மூலத்தையே விலக்கிவிட்டு மொழிபெயர்ப்பை மட்டும் அனுப்பியிருந்தோம்.

ஒரு வாரம் கழித்துத் தந்தை வந்தார். கோபமில்லை. "இன்னொரு தடவை எழுதலாம் என்கிறான். எழுதட்டும். அதற்கு முன்னால் அந்தப் பெரிய அறிவிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குச் சொல்லவேண்டும், சார். அவனுக்குச் சொன்னீர்கள், எனக்கு யாரும் சொல்லவில்லை" என்றார். நமக்குச் சுருக்கென்றது. மொழிபெயர்ப்பாளன் ஒருவன் அந்த வீட்டுக்குச் செய்யக்கூடிய உண்மையான உதவி இதுவே. அதை யாரும் கேட்கும்வரை நாம் எண்ணிப்பார்க்கவில்லை. மூன்று இரவுகள், சவாரி முடிந்து அவர் வந்தபிறகு, தெருவிளக்கின்கீழ் நிறுத்திய ஆட்டோவின் பின்னிருக்கையில் உட்கார்ந்து பின்னிணைப்பை வரிவரியாகத் தமிழில் சொன்னோம். அவர் மனைவி வாசற்படியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பணம் பற்றிய பகுதி எளிது. இருப்பிடம், உணவு, சீருடை, நூல்கள், மருத்துவம் எல்லாம் அரசின் செலவு. கைச்செலவு பெற்றோருடையது, வருமானம் குறைந்த குடும்பத்துக்கு அதற்கும் உதவி கேட்கலாம். பிறகு வந்தது பிணைப் பத்திரம். பொய்த் தகவல் கொடுத்ததற்காக நீக்கப்பட்டாலோ, தன் வசத்திலுள்ள காரணத்துக்காகப் படிப்பைப் பாதியில் விட்டாலோ, அரசு செய்த செலவைத் திருப்பிக் கட்ட மகனும் பிணை நின்றவர்களும் கூட்டாகவும் தனித்தனியாகவும் கடமைப்பட்டவர்கள் என்பது அதன் சாரம். "கூட்டாக என்றால் புரிகிறது. தனித்தனியாக என்றால்?" என்று கேட்டார் தந்தை. சட்டத் தமிழில் இந்தத் தொடரை எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். விளக்கிச் சொல்லும்படி யாரும் கேட்டதில்லை. "எல்லாரிடமும் சேர்த்துக் கேட்கலாம், ஒருவரிடமே முழுவதையும் கேட்கலாம்" என்றோம். "சீட்டுக்கு ஜாமீன் போடுவது மாதிரி" என்றார் அவர். அதைவிடத் தெளிவாக நம்மால் சொல்லியிருக்க முடியாது.

தாய் பேசியது மூன்றாம் இரவில். பயிற்சியின்போது காயம் ஏற்பட்டால் அரசிடம் நஷ்டஈடு கோர உரிமையில்லை என்பதைப் புரிந்துகொண்டதாகப் பெற்றோர் சான்று எழுதித் தரவேண்டும் என்ற வரியைச் சொன்னபோது, "அப்படியென்றால் கால் போனால் பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா?" என்று கேட்டார். மழுப்பத் தோன்றிற்று, மழுப்பவில்லை. அனுப்புகிறார்கள். பயிற்சியில் ஊனமுற்று மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்ட இளைஞர்கள் நாட்டில் இருக்கிறார்கள். அதிகாரியாகப் பதவியேற்கும் முன்பே போனபடியால் அவர்கள் முன்னாள் படைவீரர் என்னும் கணக்கில் வருவதில்லை. மாதந்தோறும் கருணைத்தொகை மட்டும் உண்டு. 2025 ஆகஸ்ட் மாதத்தில் உச்ச நீதிமன்றம் யாரும் வழக்குத் தொடுக்காமலே இவ்விஷயத்தைத் தானாக எடுத்து விசாரிக்கத் தொடங்கியது. அதே மாதம் முன்னாள் படைவீரருக்குரிய மருத்துவத் திட்டம் அவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அந்தத் தாய் வாசற்படியில் கேட்டபோது இதுவும் நடந்திருக்கவில்லை. அவர் வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "ஆட்டோ ஓட்டினாலும் கால் போகலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். அது சம்மதமா, ஆற்றாமையா என்று நமக்கு விளங்கவில்லை.

இரண்டாம் முறை விண்ணப்பத்தைப் பையனே நிரப்பினான். நாம் பக்கத்தில் உட்கார்ந்து, பிழையிருந்தால் சொல்வதோடு நிறுத்திக்கொண்டோம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பிள்ளைகள் பெற்றவர்கள் அறிவார்கள்! நேர்காணலுக்கு நாம் செய்த பயிற்சியெல்லாம் கேள்வி கேட்பது ஒன்றுதான். நேற்று அப்பா உன்னை எதற்காகத் திட்டினார்? தெருவில் தண்ணீர் லாரி வரும்போது வரிசையை யார் ஒழுங்கு செய்கிறார்கள்? நீ செய்தாயா, ஓரமாக நின்றாயா? முதலில் தமிழில் பதில் சொன்னான். பிறகு தன் ஆங்கிலத்தில். தட்டுத்தடுமாறிய ஆங்கிலம். திருத்த நாக்கு துடித்தது. இலக்கணத்தை மட்டும் திருத்திவிட்டுச் செய்தியைத் தொடாமல் விட்டோம். ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர், அல்சூர் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பில் இருந்தவர், அவனைக் காலையில் ஓடவிட்டார். பல்லையும் காதையும் பார்த்துவரும்படி மருத்துவரிடமும் அனுப்பினார். காதில் அழுக்கு அடைத்திருப்பதுகூட உடற்பரிசோதனையில் ஒருவரை நிறுத்திவைக்கும் என்பது அவர் சொல்லித்தான் நமக்குத் தெரியும்.

அம்முறை வாரியம் அவனைப் பரிந்துரைத்தது. எதற்காக அதிகாரியாக விரும்புகிறாய் என்ற கேள்விக்கு ஆட்டோவையும் மீதிச் சில்லறையையும் சொன்னானாம். அந்த அதிகாரி குறித்துக்கொண்டாராம். உடற்பரிசோதனையிலும் தேறினான். ஆயினும் பரிந்துரை பெற்ற எல்லாருக்கும் இடம் கிடைப்பதில்லை. எழுத்துத் தேர்வையும் நேர்காணலையும் சேர்த்து 1800-க்கு வரிசைப்படுத்தும் பட்டியலில் இடங்கள் தீர்ந்தபின் அவன் பெயர் நின்றது. கணிதத்தில் இன்னும் பத்துப் பதினைந்து மதிப்பெண் வேண்டியிருந்தது. இப்போது பட்டப் படிப்பில் சேர்ந்திருக்கிறான், வயது வரம்பு கடப்பதற்குள் இன்னும் ஒரு முறை எழுதலாம், எழுதப்போகிறான்.

அவனுக்கு ஒரு தங்கை உண்டு. அந்த மூன்று இரவுகளிலும் தாயின் அருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தவள். 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவால் பெண்களும் இந்தப் பரீட்சையை எழுதலாயினர். முதல் அணியைச் சேர்ந்த 17 பெண்கள் 2025 மே 30-ஆம் தேதி கடக்வாஸ்லாவில் பயிற்சி முடித்து வெளிவந்தார்கள். அந்த அணிவகுப்பின் படத்தைச் செய்தித்தாளிலிருந்து வெட்டிப் புத்தகத்தில் வைத்திருக்கிறாள். சென்ற வாரம் நம் வீட்டுக்கு வந்தாள். 10-ஆம் வகுப்புப் பரீட்சைக்குப் பள்ளியில் பெயர் கொடுக்கவேண்டியிருந்ததாம்.

"அப்பா பெயரை முழுவதும் எழுதுவதா, ஓரெழுத்துப் போதுமா என்று கேட்டார்கள், சார்."

"ஆதாரில் உள்ளபடியே எழுது, அம்மா" என்றோம்.

"அப்படித்தான் எழுதிக் கொடுத்துவிட்டேன். சரிதானா என்று கேட்டுப்போக வந்தேன்" என்றாள்.